பன்னிரண்டு பேரிங் தாங்கிகள், இரண்டு வரைபடங்கள்: கடலூர் துறைமுகத்து ஐஸ் இயந்திரம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டிகளை உடைத்துப் படகுகளுக்கு வழங்கும் ஒருவரிடம் ஆறு உடைப்பு இயந்திரங்கள் உள்ளன. ஒவ்வோர் இயந்திரத்திலும் பற்கள் பதித்த ஓர் உருளை 50 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்டில் சுழல்கிறது. உருளையின் பற்களுக்கு எதிரே அசையாமல் நிற்கும் சீப்பு போன்ற இரும்புச் சட்டத்தில் மோதி ஐஸ் நொறுங்குகிறது. ஷாஃப்டின் இரு முனைகளையும் யூசிபி 210 வகைப் பேரிங்குகள் தாங்குகின்றன. அந்தப் பேரிங்குகள் அமர்வதற்காகத் தகடுகளை வெட்டி வெல்டிங் செய்த தாங்கிகள், இயந்திரத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் பன்னிரண்டு உள்ளன. உப்புக் காற்றிலும் ஐஸ் உருகிய நீரிலும் ஆண்டுக்கணக்கில் நின்ற பழைய இரும்புத் தாங்கிகள் அடியோடு அரித்துப் போனதால், துருப்பிடிக்காத எஃகில் புதியவை செய்து மாட்ட உரிமையாளர் முடிவெடுத்தார்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் துறைமுகத்தைச் சார்ந்த எல்லா இயந்திரங்களுக்கும் பழுதுபார்ப்பு நடக்கும். இந்த வேலையும் அப்படித்தான் தொடங்கியது. அரித்துப்போன ஒரு தாங்கியைக் கழற்றி, அதன் அளவுகளை ஒரு நோட்டுத் தாளில் கையால் வரைந்து, இரண்டையும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறையில் கொடுத்தார்கள். பன்னிரண்டு தாங்கிகள் செய்து வந்தன. ஒன்றுகூட முறையாகப் பொருந்தவில்லை. அதன் பிறகே வரைபடத்தைப் புதிதாக வரையும் பணி என்னிடம் வந்தது. உரிமையாளரும் பட்டறையும் இசைந்ததால், இரு தரப்பையும் பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

முதல் தொகுதியில் நேர்ந்தவை

தாங்கியின் வடிவம் எளிமையானதே. கீழே இயந்திரச் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பிணைக்கும் அடித் தகடு. அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் நடுத் தகடு. உச்சியில் பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங்கைத் தன்னுள் வைத்திருக்கும் வார்ப்பிரும்புக் கூடு, அமரும் மேல் தகடு. நடுத் தகட்டுக்கு முட்டுக் கொடுக்கும் இரண்டு முக்கோணத் தகடுகள். ஐஸ் விழும் பக்கத்தில் நடுத் தகட்டிலிருந்து நீண்டிருக்கும் ஒரு காதுத் தகட்டில் சீப்புச் சட்டத்தின் முனை போல்ட் போட்டு இணைக்கப்படும். உருளையின் பக்கவட்டத்தில் இடிக்காமல் இருக்க, மேல் தகடு அடித் தகட்டின் மையத்திலிருந்து 15 மி.மீ. வெளிப்பக்கமாக விலகியிருக்கும். காதுத் தகடு ஒரு முனையில் மட்டும் இருப்பதாலும் மேல் தகடு ஒரு பக்கம் விலகியிருப்பதாலும் ஒரே இயந்திரத்தின் இரண்டு தாங்கிகளும் வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாட்ட முடியாது.

நோட்டுத் தாளில் "12 நம்பர்" என்று மட்டுமே எழுதியிருந்தது. ஆகவே பன்னிரண்டும் ஒரே கைப்பக்கமாக வந்தன. தாளில் வரைந்திருந்தது, உருளையைச் சுழற்றும் பெல்ட் உள்ள பக்கத்தின் தாங்கி. செய்து வந்தவையோ பன்னிரண்டும் எதிர்ப்பக்கத் தாங்கிகள். எந்த ஆறு தேவையோ அந்த ஆறு தற்செயலாகக் கிடைத்தன என்று சொல்லலாம், ஆனால் அவையும் பயன்படவில்லை. முதல் இயந்திரத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு தாங்கியை வைத்து, பெல்ட் பக்கத்தில் மற்றொன்றைத் தற்காலிகமாகத் திருப்பிப் பொருத்திப் பார்த்தபோது, சீப்புக்கும் பற்களின் நுனிக்கும் இடையே 6 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி ஒரு முனையில் 3 மி.மீ. ஆகவும் மறு முனையில் 8 மி.மீ. ஆகவும் இருந்தது. பேரிங் ஹவுசிங்கின் அடிக்கும் மேல் தகட்டுக்கும் இடையே ஓரங்களில் வெளிச்சம் தெரிந்தது. தகடு நடுவில் உப்பி, ஓரங்கள் தாழ்ந்திருந்தன. இடுக்குகளை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ், 0.8 மி.மீ. கனமுள்ளது, தடையின்றி உள்ளே போயிற்று. அந்த நிலையிலேயே ஃபிட்டர் போல்ட்டுகளை முறுக்கியதில், ஒரு ஹவுசிங்கின் வார்ப்பிரும்புக் காது விரிசல் விட்டது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. அது உட்காரும் பரப்பு சமமாக இல்லாவிட்டால் உடைவது அதுதான்.

உரிமையாளர் பட்டறையைக் குற்றம் சொன்னார். பட்டறையின் மேற்பார்வையாளர் அந்த நோட்டுத் தாளை மேசைமேல் விரித்து வைத்து, "சார், ட்ராயிங்ல என்ன இருக்கோ அதத்தான் நாங்க செஞ்சிருக்கோம், நீங்களே பாருங்க" என்றார். தாளை முழுவதும் படித்துப் பார்த்தபின், அவர் சொன்னது பெருமளவு சரி என்பதே என் முடிவு. தாளில் இருந்த அளவுகளில் பெரும்பாலானவற்றைப் பட்டறை ஓரளவு காப்பாற்றியிருந்தது. இயந்திரத்துக்குத் தேவையான அளவுகள்தாம் தாளில் இல்லை.

தாள் சொல்லாமல் விட்டவை

முதலில் தோற்றங்களின் அமைப்பு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வழிகாட்டுதலும் நம் பாலிடெக்னிக், ஐடிஐ பாடங்களும் முதற்கோண முறையைப் பின்பற்றுகின்றன. அம்முறையில் பொருளை இடப்புறமிருந்து பார்த்த தோற்றம், முன் தோற்றத்துக்கு வலப்புறம் வரையப்படும். மேலிருந்து பார்த்த தோற்றம் கீழே வரும். அமெரிக்காவில் வழங்கும் மூன்றாம் கோண முறையில் இது நேர்மாறு: வலப்புறமிருந்து பார்த்தது வலப்புறமே நிற்கும். முறைப்படி வரையக் கற்காத ஒருவர் கையால் வரையும்போது, வலப்பக்கம் போய்ப் பார்த்ததை இயல்பாகவே வலப்பக்கம் வரைந்துவிடுகிறார். தம்மையறியாமல் அவர் மூன்றாம் கோணத்துக்குப் போய்விடுகிறார். இங்கே நடந்தது அதுவே. பட்டறையில் முதற்கோணம் என்று எடுத்துக்கொண்டு படித்தார்கள். வெளிப்பக்கம் விலக வேண்டிய மேல் தகடு உட்பக்கம் விலகியது. மறைந்திருக்கும் விளிம்புகளைக் காட்டும் துண்டுக் கோடுகளாவது முன் தோற்றத்தில் இருந்திருந்தால் முரண்பாடு கண்ணில் பட்டிருக்கும். அவையும் இல்லை. தலைப்புக் கட்டத்தில், எந்தக் கோண முறை என்று காட்டும் நறுக்கிய கூம்பின் சிறு குறியீடு ஒன்று போட்டிருந்தால் இந்த ஐயத்துக்கே இடமில்லை.

அடுத்தது, தேய்ந்த பொருளை அப்படியே அளந்தது. பழைய நடுத் தகட்டில் காலிப்பர் 8.7 மி.மீ. காட்டியிருக்கிறது, தாளிலும் 8.7 என்றே எழுதப்பட்டது. அந்தக் கனத்தில் தகடு கிடைக்காது என்பதால் பட்டறை 8 மி.மீ. தகடு போட்டது. துரு தின்றதுபோக மீந்ததுதான் 8.7. அசல் தகடு 10 மி.மீ. என்பதை, அரிப்புப் படாத வெல்டிங் மூலையில் சுரண்டிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அடித் தகட்டின் துளைகளும் அப்படியே: ஆண்டுக்கணக்கான அதிர்வில் நீண்டுபோன துளையை 20 மி.மீ. என்று அளந்து, 20 மி.மீ. துளையே போட்டிருந்தார்கள். 16 மி.மீ. விட்டமுள்ள எம்16 போல்ட்டுக்கு வழக்கமான துளை 17.5 மி.மீ. ஆகவே புதிய வரைபடத்துக்கான அளவுகளைப் பழைய தாங்கியிலிருந்து எடுக்காமல், இயந்திரச் சட்டம், ஷாஃப்ட், சீப்பு ஆகிய மூன்றிலிருந்தும் பேரிங்கின் அட்டவணையிலிருந்தும் எடுத்தேன். யூசிபி 210 ஹவுசிங்கின் போல்ட் இடைவெளி 159 மி.மீ.; அடியிலிருந்து ஷாஃப்ட் மையத்தின் உயரம் 57.2 மி.மீ. இவை எந்தத் தயாரிப்பாளரிடம் வாங்கினாலும் மாறாதவை. அரித்த தகட்டை அளந்து ஊகிக்க வேண்டியவை அல்ல.

உலோகத்தைப் பற்றி "எஸ்.எஸ்." என்ற இரண்டெழுத்து மட்டுமே தாளில் இருந்தது. சந்தையில் அந்தப் பெயரில் 202, 304, 316 என்று மூன்றும் விற்கின்றன. விலையும் மூன்று விதம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த 202 கடலோரத்துக்கு ஆகவே ஆகாது. 304 வீட்டுக்கும் உணவகத்துக்கும் நல்லது. ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அதன் மேற்பரப்பைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316தான் அந்த அரிப்பை வெகுவாகத் தாங்கும். வெல்டிங் இருப்பதால் கார்பன் 0.03 விழுக்காட்டுக்கு மிகாத 316எல் என்றும், நிரப்பு கம்பி அதற்கிணையான ஈஆர்316எல் என்றும், தகட்டோடு ஆலையின் சோதனைச் சான்றிதழ் வர வேண்டும் என்றும் புதிய வரைபடத்தில் எழுதினேன். காந்தம் வைத்துப் பார்த்துத் தரம் சொல்லும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. அது நம்பத் தக்கதன்று. 304, 316 இரண்டும் காந்தத்தில் ஏறக்குறைய ஒட்டாதவை. வளைத்தோ வெட்டியோ வேலை செய்த இடத்தில் 304 சற்றே ஒட்டவும் செய்யும். மாலிப்டினத்தைக் காட்டிக்கொடுக்கும் சொட்டுத் திரவம் சிறு செலவில் கிடைக்கிறது. முதல் தொகுதியில் அதை விட்டுப் பார்த்தபோது மாலிப்டினம் இல்லை என்று தெரிந்தது.

வெல்டிங்குக்கு "ஃபுல் வெல்டிங்" என்று எழுதியிருந்தார்கள். வெல்டர் தம் மனம் போல் தடித்த மணியாக இட்டுத் தள்ளியதில் தவறு காண முடியாது. அந்தச் சொல்லுக்கு அதுவே பொருள். ஆனால் இவ்வகை எஃகு வெப்பத்தில் சாதாரண இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். வெப்பத்தைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். சூடு வெல்டிங் இட்ட இடத்திலேயே தங்கி, தகட்டை இழுத்து வளைக்கிறது. மேல் தகடு உப்பியதற்கு இதுவே காரணம். மூலை வெல்டிங்குக்கு அளவு குறிக்கும்போது எண்ணுக்கு முன் இசட் என்ற எழுத்து வந்தால் அது முக்கோண மணி தகட்டில் படியும் பக்கத்தின் நீளம். ஏ வந்தால் தொண்டையின் கனம், அதாவது மூலையிலிருந்து மணியின் வெளிப்பரப்புக்கு உள்ள மிகக் குறைந்த தூரம். இசட் 6 என்றால் தொண்டை சுமார் 4.2 மி.மீ.; ஏ 6 என்றால் பக்கம் சுமார் 8.5 மி.மீ. எழுத்தை விட்டுவிட்டு வெறும் 6 என்று எழுதினால், ஒருவர் படிப்பதற்கும் மற்றவர் படிப்பதற்கும் உருகி இறங்கும் உலோகம் இரட்டிப்பாக வேறுபடும்.

இங்கே ஓர் உண்மையான சிக்கலும் இருந்தது. வளைவைக் குறைக்க விட்டுவிட்டு வெல்டிங் இடுவதே வழக்கம். ஆனால் துறைமுகத்தில் அப்படி விட்ட இடுக்குகளில் உப்பு நீர் தங்கும். காற்றோட்டமில்லாத இடுக்கில் 316 கூட அரிக்கும். ஆகவே இடைவெளியின்றி வெல்டிங் இட்டே ஆக வேண்டும், இட்டால் வளையும். இதற்கு வெல்டிங் மேசையில் தீர்வு இல்லை. வளைவை ஏற்றுக்கொண்டு, வெல்டிங் முடிந்த பிறகு மில்லிங் செய்து, அதாவது சுழலும் வெட்டுக்கருவியால் பரப்பைச் சீவி, சமப்படுத்துவதுதான் வழி. இசட் 5 அளவில் இருபுறமும் தொடர்ச்சியாக இடவும், மேல் தகடும் அடித் தகடும் 16 மி.மீ. தகட்டில் வெட்டி, வெல்டிங்குக்குப் பின் வெளிப்பரப்பை 2 மி.மீ. மில் செய்து 14 மி.மீ. ஆக்கவும் முடிவு செய்தோம். நடுத் தகட்டின் உயரம் 152. எல்லாம் சேர்ந்து முடிந்த உயரம் 180 மி.மீ.

அளவு எங்கிருந்து தொடங்குகிறது

இந்த நிகழ்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லச் சொன்னால், நான் இந்தப் பகுதியைத்தான் சொல்வேன். பழைய தாளில் எல்லா அளவுகளும் தகட்டின் விளிம்புகளிலிருந்து எழுதப்பட்டிருந்தன. டேப் வைத்து அளப்பவருக்கு விளிம்புதான் கைக்கு எட்டும். ஆனால் இந்தத் தாங்கியின் விளிம்புகள் எதையும் தொடுவதில்லை. அவை 2 மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை. வேலை நடப்பது மூன்று இடங்களில்: சட்டத்தில் அமரும் அடிப்பரப்பு, பேரிங் அமரும் மேல் பரப்பும் அதன் இரு துளைகளும், சீப்பைப் பிடிக்கும் காதுத் தகட்டின் துளைகள். ஷாஃப்ட் மையத்துக்கும் சீப்புத் துளைக்கும் இடையே கிடைமட்டத் தூரம் 165 மி.மீ. இருக்க வேண்டும், அப்போதுதான் பற்களின் நுனிக்கு 6 மி.மீ. இடைவெளி கிடைக்கும். அந்த 165 என்ற எண் பழைய தாளில் எங்குமே இல்லை.

அதற்குப் பதிலாக என்ன இருந்தது என்று பார்ப்போம். பேரிங் துளையிலிருந்து மேல் தகட்டின் விளிம்பு 30.5, அந்த விளிம்பிலிருந்து நடுத் தகட்டின் முனை 10 உள்ளே, அங்கிருந்து காதுத் தகட்டின் முனை 90 வெளியே, அந்த முனையிலிருந்து சீப்புத் துளை 25 உள்ளே. கூட்டிக் கழித்தால் 85.5 வருகிறது, பேரிங் துளைகளின் பாதி இடைவெளியான 79.5ஐச் சேர்த்தால் 165. கணக்கில் குறையில்லை. ஆனால் நான்கு அளவுகளில் இரண்டு வெட்டும்போதும் துளையிடும்போதும் உருவாகின்றன. இரண்டு, வெல்டர் தகடுகளை ஒட்டவைக்கும்போது உருவாகின்றன. ஐஎஸ் 2102 தரத்தின் நடுத்தர வகுப்பில் 30.5க்கு ±0.3, 25க்கு ±0.2 மி.மீ. ஏற்ற இறக்கம் அனுமதி. வெல்டிங் செய்த அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 13920 தரத்தின் பி வகுப்பில், 10க்கு ±1, 90க்கு ±2 மி.மீ. அனுமதி. நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் ±3.5 மி.மீ. ஒவ்வொருவரும் தம் தம் அளவில் தவறே செய்யாமல், 6 மி.மீ. இடைவெளியில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. முதல் இயந்திரத்தில் ஒரு முனையில் 3, மறு முனையில் 8 என்று வந்ததை இந்தக் கணக்கே விளக்கிவிடுகிறது. ஹவுசிங்கின் துளை போல்ட்டைவிடப் பெரிது. அதில் ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்திச் சரிசெய்யலாம் என்று ஃபிட்டர் முயன்றார். நகர்த்தக் கிடைத்த இடம் தீர்ந்த பிறகும் சீப்பு நேராகவில்லை.

புதிய வரைபடத்தில் அடிப்பரப்பை முதல் அளவுத்தளமாகவும், பேரிங் துளைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள மையக்கோட்டை இரண்டாவதாகவும் எடுத்துக்கொண்டேன். பட்டறையில் டேட்டம் ஏ, டேட்டம் பி என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். சீப்புத் துளை, பி கோட்டிலிருந்து 165. மேல் பரப்பிலிருந்து 40 கீழே. அடித் தகட்டின் நான்கு துளைகளும் பி கோட்டிலிருந்தே அளக்கப்படும். துளைகள் எதையும் தகடு வெட்டும்போது போடக்கூடாது. வெல்டிங்கும் மில்லிங்கும் முடிந்தபின் ஒரே பிடிப்பில் எல்லாவற்றையும் துளையிட வேண்டும். இப்படிச் செய்தபின் 165 என்ற அளவுக்குச் சிறப்பான டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் ஏற்ற இறக்கம், எதுவும் தேவைப்படவில்லை. நடுத்தர வகுப்பே 120 முதல் 400 வரையிலான அளவுக்கு ±0.5 தருகிறது, அது போதும். ±3.5 என்பது ±0.5 ஆனதற்கு நுட்பமான இயந்திரமோ கூடுதல் திறமையோ காரணமில்லை. அளவை அது வேலை செய்யும் இடத்திலிருந்து எழுதியதுதான் காரணம்.

எங்கே இறுக்குவது, எங்கே விடுவது

முதல் தொகுதி வீணான எரிச்சலில், "எல்லா அளவுக்கும் 0.01 போட்டுடுங்க சார், அப்பத்தான் ஒழுங்கா செய்வாங்க" என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவருடைய வருத்தம் நியாயமானது. கேட்டதை அப்படியே செய்வது அவருக்கே நட்டம். தேவையற்ற இடத்தில் இறுக்கமான எண் எழுதினால் பட்டறை ஒன்று விலையை ஏற்றும், அல்லது அந்த எண்ணை மதிக்காமல் விடும். இரண்டாவது நேர்ந்தால் உண்மையாகவே முக்கியமான எண்ணையும் சேர்த்தே மதிக்காமல் விடும்.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு தாங்கிகளுக்கும் இடையே சுமார் 700 மி.மீ. தூரம். ஒன்று மற்றொன்றைவிட 1.5 மி.மீ. உயர்ந்திருந்தாலும் ஷாஃப்டின் சாய்வு ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்குதான். இவ்வகைப் பேரிங்கின் வெளிவளையம் கோள வடிவில் இருப்பதால் ஹவுசிங்குக்குள் தானே திரும்பி அந்தச் சாய்வை எளிதாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே 180 மி.மீ. உயரத்துக்குப் பொது டாலரன்ஸ் ±0.5 தாராளம். மாறாக, மேல் பரப்பின் சமதளத்தன்மையில் விட்டுக்கொடுக்க முடியாது. விரிசல் விட்ட ஹவுசிங் அதற்குச் சாட்சி. அங்கே 0.1 மி.மீ. என்றும், அடிப்பரப்புக்கு இணையாக 0.2 மி.மீ. என்றும் குறித்தேன். பொது டாலரன்ஸுக்கு மேல் இறுக்கமாக எழுதியவை இந்த இரண்டு மட்டுமே. பேரிங் துளைகளின் 159கூடப் பொது டாலரன்ஸில்தான் உள்ளது.

தாள்கள்

எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்திருந்தால் இத்தனை குறிப்புகளில் யாருக்கு எது என்று தேடவேண்டியிருக்கும். வெட்டுபவர், வெல்டர், மில்லிங் இயக்குநர் ஆகிய மூவரும் மூன்று இடங்களில் மூன்று வேளைகளில் வேலை செய்கிறார்கள். ஆகவே ஏ3 அளவில் மூன்று தாள்கள்: வெட்டவேண்டிய தகடுகள், வெல்டிங் அமைப்பு, வெல்டிங்குக்குப் பிந்தைய மில்லிங்கும் துளைகளும். வலத் தாங்கிக்கும் இடத் தாங்கிக்கும் தனித்தனி வரைபட எண்கள் கொடுத்து இரண்டையும் முழுமையாக வரைந்தேன். "எதிர்ப்பக்கம் இதேபோல்" என்று ஒரு வரியில் முடித்துவிடும் வழக்கம் உண்டு. மணிக்கணக்கில் வரையும் வேலை மிச்சமாகும் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் தாங்கியின் முப்பரிமாணத் தோற்றம் ஒன்று சிறிதாக இடம்பெற்றது. அதில் அளவு எதுவும் இல்லை. கையில் இருக்கும் உருப்படியும் படமும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று ஒரு நொடியில் ஒப்பிடத்தான் அது.

வெளியிடுவதற்கு முன் வெல்டிங் தாளை வெல்டரிடமும் மூன்றாம் தாளை மில்லிங் இயக்குநரிடமும் காட்டினேன். வெல்டர் தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, காதுத் தகட்டின் உட்புற மூலையைக் காட்டி, "இந்த முட்டுத் தகடு இங்க இருந்தா டார்ச் உள்ள போகாது சார்" என்றார். டார்ச் என்று அவர் சொன்னது கையில் பிடிக்கும் வெல்டிங் கருவியை. முட்டுத் தகட்டை 20 மி.மீ. நகர்த்தினேன், வலிமையில் அதனால் குறையேதும் இல்லை. மில்லிங் இயக்குநர், முதலில் எந்தப் பரப்பைப் பிடிப்பது என்று கேட்டார். வளைந்த மேல் தகட்டைக் கீழே வைத்து அழுத்திப் பிடித்து அடிப்பரப்பை மில் செய்தால், பிடி விட்டவுடன் பரப்பு மீண்டும் வளைந்துவிடும் என்பது அவர் கவலை. மேல் தகட்டின் அடியில் மூன்று இடங்களில் மட்டும் தாங்கல் கொடுத்து, அழுத்தாமல் பக்கவாட்டில் பிடிக்கும்படி அவரே சொன்ன வழியை ஒரு குறிப்பாகத் தாளில் சேர்த்தேன். மேசையில் உட்கார்ந்து வரைபவருக்கு இந்த இரண்டும் தோன்றுவது அரிது.

துருப்பிடிக்காத எஃகுக்கென்றே தேவைப்படும் சில குறிப்புகளும் உண்டு: இரும்பு தேய்த்த கம்பித் தூரிகையையும் கிரைண்டர் வட்டையும் இதில் பயன்படுத்தக் கூடாது, வெல்டிங் நிறமாற்றத்தை அமிலப் பசை பூசி நீக்கிக் கழுவ வேண்டும், எஸ்.எஸ். போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று உரசி இறுகிப் பூட்டிக்கொள்ளும் என்பதால் மரையில் அதற்குரிய பசை தடவ வேண்டும்.

வெட்டும் கோப்பு

தகடுகளை வெளியில் ஒரு லேசர் வெட்டு நிலையத்தில் கொடுத்து வெட்டினார்கள். முதல் உருப்படிக்காக வந்த மேல் தகட்டில் துளைகள் இருந்தன. புதிய கோப்பில் துளையே கிடையாது. விசாரித்தபோது, வெட்டு நிலையத்தின் கணினியில் முதல் தொகுதியின் கோப்பு "பேரிங் ஸ்டாண்ட் ஃபைனல்" என்ற பெயரில் இருந்ததும், இயக்குநர் அதையே எடுத்து வெட்டியதும் தெரியவந்தது. வெல்டிங்குக்குப் போகும் முன்பே கவனித்ததால் ஒரு தகட்டோடு போயிற்று. அதன் பிறகு கோப்பின் பெயரில் வரைபட எண், திருத்த எண், தகட்டின் தரம், கனம், எண்ணிக்கை ஐந்தும் இருக்கும்படி மாற்றினோம். வரைபட எண்ணையும் திருத்த எண்ணையும் தகட்டின் ஓரத்தில் லேசராலேயே மெல்லியதாகப் பொறிக்கச் சொன்னோம். லேசர் இயந்திரத்துக்குக் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பில் வெட்டவேண்டிய கோடும் பொறிக்கவேண்டிய எழுத்தும் தவிர அளவுக் கோடோ மையக் கோடோ எல்லைச் சட்டமோ இருக்கக் கூடாது. இருந்தால் அதையும் வெட்டுக்கோடாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அளவு மில்லிமீட்டரில் உள்ளதா என்பதை உறுதிசெய்ய, முழு நீளத்தையும் அகலத்தையும் மின்னஞ்சலில் தனியாக எழுதி அனுப்பினேன். அங்குலமாகத் திறந்தால் 25.4 மடங்கு பெரிதாகிவிடும் என்பது தெரிந்ததே. அது உடனே கண்ணில் படும். இரட்டையாகப் படிந்த கோடு கண்ணில் படாது. லேசர் ஒரே பாதையில் இரண்டு முறை போகும்போதுதான் தெரியும்.

முதல் உருப்படியும் அதன் பின்னும்

பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம், வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றும் முடித்து இயந்திரத்தில் பொருத்திப் பார்த்தபின் மற்றவற்றை எடுக்கலாம் என்று ஆர்டரிலேயே எழுதச் சொன்னேன். தடைக்காலம் முடிய மூன்று வாரமே இருந்ததால் உரிமையாளர் தயங்கினார். முதல் தொகுதியை நினைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் தாளில் சோதிக்கவேண்டிய ஏழு அளவுகளுக்கு வட்டமிட்ட எண்கள் போட்டிருந்தேன். அவற்றுக்கான காலிக் கட்டங்களோடு ஒரு சோதனைத் தாளும் உடன் சென்றது. பட்டறையில் முதல் தாங்கியைச் சர்ஃபேஸ் பிளேட் என்ற சமதள அளவுமேடையின் மேல் வைத்து, மேல் பரப்பின் நான்கு மூலைகளிலும் நடுவிலும், நுண்ணிய உயர வேறுபாட்டைக் காட்டும் டயல் முள்ளை ஓட்டினார்கள். முள் 0.06 மி.மீ. அளவே அசைந்தது. யூசிபி 210 ஹவுசிங் ஒன்றை வெறுமனே எடுத்து வைத்தபோது அது ஆடவில்லை, 0.10 ஃபீலர் கேஜ் எந்த ஓரத்திலும் நுழையவில்லை. சீப்புத் துளையின் 165 அளவு ஒன்றில் 165.2, மற்றொன்றில் 164.8. கடலூரில் மாட்டியபின் இடைவெளி இரு முனைகளிலும் 6 மி.மீ.க்கு அரை மில்லிமீட்டர் முன்பின்னாக நின்றது. மீதிப் பத்தும் ஜூன் 15க்கு முன்னரே பொருத்தப்பட்டன.

விலையையும் சொல்ல வேண்டும். மில்லிங் வேலையும் 316எல் தகடும் சேர்ந்ததால், ஓர் உருப்படியின் விலை முதல் தொகுதியைவிடத் தெளிவாகவே கூடுதல். இரண்டு தொகுதிகளுக்கும் கொடுத்ததை ஒன்றாக வைத்துப் பார்த்தால் முதல் தொகுதிக்குக் கொடுத்ததுதான் வீண்செலவு. அதில் ஒரு பகுதியைப் பட்டறை விட்டுக்கொடுத்தது.

வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் தாங்கிகளைக் கழுவித் துடைத்துப் பார்த்தபோது பத்தில் குறையேதும் இல்லை. இரண்டில் மட்டும், முட்டுத் தகடும் அடித் தகடும் சந்திக்கும் உட்புற மூலையில் தேநீர் நிறத்தில் கறை படிந்திருந்தது. குழி எதுவும் விழவில்லை. அமிலப் பசையில் கறை போய்விட்டது. காரணம் வரைபடத்தில்தான் இருந்தது: முட்டுத் தகட்டின் மூலையை 15 மி.மீ. நறுக்கியிருந்தோம், அந்த இடைவெளிக்குள் டார்ச் நுழைகிறது, ஆனால் பசை பூசும் தூரிகை மூலை வரை எட்டுவதில்லை. திருத்தம் 1இல் அந்த நறுக்கலை 25 மி.மீ. ஆக்கி, வெல்டிங் முனையைச் சுற்றி வளைத்து மூடவேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்து, பழைய கோப்புகளை நீக்கிவிட்டதாக வெட்டு நிலையத்திடம் எழுத்தில் உறுதி பெற்றபின், திருத்திய மூன்று தாள்களையும் இரு வரைபட எண்களிலும் பட்டறைக்கும் உரிமையாளருக்கும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த தடைக்காலத்தில் மாற்றவிருக்கும் மோட்டார் தாங்கிகளுக்கும் இதே தாள் அமைப்பையே கேட்டிருக்கிறார்கள்.